கொல்லிமலை முதல் வேலூர் வரை: பிராண்ட் குடும்பத்தாரின் தொழுநோய்ப் பணியில் மன்னிப்பும் மானமும்

ஆய்வுச்சுருக்கம்

கொல்லிமலையில் 1913-ஆம் ஆண்டு குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் இணையரும், அம்மலையில் பிறந்து வளர்ந்து பின்னர் வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் பெயர்பெற்ற அவர்தம் மகன் பால் பிராண்டும் ஆற்றிய பணி பெரும்பாலும் தியாக வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அப்பணியில் 'மன்னிப்பு' என்னும் கிறித்தவக் கருத்து எவ்வாறு பொருள் கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொழுநோயாளர் செய்யாத குற்றத்தின் அடையாளத்தை உடலில் சுமந்து பொதுவெளியில் நின்றவர். அவ்வடையாளம் நீங்காதவரை அவருக்கு மன்னிப்பு என்னும் சொல் பயன்படாது என்பதை இக்குடும்பம் படிப்படியாகவே கற்றது. அவ்வாறு கற்றதை உலகுக்கு எடுத்துரைத்த நூல்கள் நோயாளரை மீண்டும் பொதுப்பார்வைக்கு உட்படுத்தின என்பதும் இங்குச் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, வாழவந்தி, தொழுநோய், மன்னிப்பு, மானம், பிராண்ட், வேலூர், புறுவமைப்பு.

முன்னுரை

தமிழ்ச் சமூகத்தில் தொழுநோய் வெறும் நோயாக மட்டும் கருதப்பட்டதில்லை. அது ஒரு தீர்ப்பாகவும் கருதப்பட்டது. நாலடியாரின் தீவினையச்சம் என்னும் அதிகாரம், விரல்கள் அழுகும் தொழுநோயை முற்பிறவியில் நண்டின் காலை முறித்துத் தின்ற பழவினையின் பயனாகக் காட்டுகிறது. வினைக்கும் தண்டனைக்கும் இடையிலான ஒப்புமை அங்கு மிகத் துல்லியமானது. கால் முறித்தவனுக்கு விரல் போகிறது. இத்துல்லியமே அதன் கொடுமையும் ஆகும். ஏனெனில் விரலற்ற கையைக் காண்பவர், அக்கைக்குரியவரின் குற்றத்தையும் கண்டுவிட்டதாக எண்ணத் தொடங்குகிறார். குற்றம் எவருக்கும் தெரியாது. தண்டனையோ எல்லோருக்கும் தெரியும்.

விவிலிய மரபும் இதிலிருந்து முற்றிலும் விலகியதன்று. லேவியராகமத்தின் 13-ஆம் அதிகாரம், அந்நோய் கண்டவர் கிழிந்த ஆடையுடன், தாம் தீட்டுடையவர் எனத் தாமே உரக்க அறிவித்துக்கொண்டு, குடியிருப்புக்குப் புறம்பே வாழ வேண்டும் என விதிக்கிறது. அங்கும் நோயாளரே தம் இழிவின் அறிவிப்பாளர். (லேவியராகமம் கூறும் நோயும் இன்றைய மருத்துவம் தொழுநோய் என்று அழைப்பதும் ஒன்றல்ல என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. எனினும் தமிழ் மொழிபெயர்ப்பில் 'குஷ்டரோகம்' என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.) யோவான் எழுதிய நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள் இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று வினவுகின்றனர். இரண்டும் அல்ல என்பதே இயேசு கூறும் விடை. நாலடியாரைக் கற்ற தமிழ் வாசகருக்குச் சீடர்களின் வினா புதிதன்று. விடைதான் புதிது.

இவ்விடையை ஏற்றுக்கொண்ட ஒரு மறைப்பணி, நோயாளரிடம் 'உன் பாவம் மன்னிக்கப்பட்டது' என்று கூறும்போது ஒரு சிக்கல் எழுகிறது. மன்னிப்பு குற்றத்தை முன்நிபந்தனையாகக் கொண்டது. செய்யாத குற்றத்திற்காக ஊரால் தண்டிக்கப்பட்டவரிடம் மன்னிப்பை அறிவிப்பது, அத்தண்டனையை ஒருவகையில் உறுதிசெய்வதும் ஆகிவிடக்கூடும். பிராண்ட் குடும்பத்தாரின் வரலாறு இச்சிக்கலின் வரலாறாகவும் வாசிக்கத்தக்கது.

வாழவந்தி

சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரியின் மலையாகவும், கண்டாரை மயக்கிக் கொல்லும் பாவையின் இருப்பிடமாகவும் பேசப்படும் கொல்லிமலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய சேலம் மாவட்டத்தில் சேந்தமங்கலத்தை அடிவாரமாகக் கொண்டிருந்தது. மலையாளி என்னும் பழங்குடியினர் நாடுகளாகப் பிரிந்து வாழ்ந்தனர். அந்நாடுகளுள் ஒன்று வாழவந்தி. மேலே செல்லக் காட்டுப்பாதையே இருந்தது. மலைக்காய்ச்சல் கீழ்நாட்டாரை அஞ்சவைத்தது.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் இந்தியா வந்தவர். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். மறைப்பணியாளருக்கென நடத்தப்பட்ட ஓராண்டு வெப்பமண்டல மருத்துவப் பயிற்சியைப் பெற்றிருந்தார். கட்டடக் கலையும் தச்சும் அறிந்தவர். எவ்லின், இலண்டன் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்து ஓவியம் பயின்றவர். 1913-இல் சேந்தமங்கலத்தில் திருமணம் முடிந்த அன்றே இருவரும் மலையேறினர். மழையில் நனைந்தவாறு நிகழ்ந்த அப்பயணம் பின்னாளில் எழுதப்பட்ட எல்லா நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. 1914 ஜூலை 17-இல் பால் பிறந்தார்.

இவர்கள் சார்ந்த சபையின் பெயரிலுள்ள 'ஸ்ட்ரிக்ட்' என்ற அடை இங்கு விளக்கம் பெறவேண்டும். திருவிருந்தில் பங்குகொள்ளும் உரிமையை, விசுவாச அறிக்கை செய்து முழுக்குப் பெற்றவர்க்கு மட்டுமே வரையறுத்த சபை என்பதே அதன் பொருள். அறிக்கை பொதுவில் நிகழவேண்டும். முழுக்கும் பொதுவில் நிகழவேண்டும். நம்பிக்கை அகத்தில் நிகழ்வதாயினும் அதன் உறுதிப்பாடு பலர் முன்னிலையில் அமைவது அச்சபையின் அடிப்படை. இத்தகைய மரபிலிருந்து வந்த இருவர் கொல்லிமலையில் முதல் ஆறேழு ஆண்டுகள் எவரையும் அவ்வாறு பொதுவில் நிறுத்த இயலவில்லை. மக்கள் மருந்துக்கு வந்தனர். நரம்புச்சிலந்தியை எடுத்துவிட வந்தனர். பல் பிடுங்க வந்தனர். சபையில் சேர வரவில்லை.

பூசாரியின் மரணம்

முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கொல்லிமலையும் தப்பவில்லை. பிராண்ட் இணையரைத் தொடக்கம் முதலே எதிர்த்து வந்த பூசாரி ஒருவர் அக்காய்ச்சலில் வீழ்ந்தார். தொற்றுக்கு அஞ்சிய அக்கம்பக்கத்தார் அவரை நெருங்கவில்லை. ஜெஸ்ஸியும் எவ்லினும் சென்று உடனிருந்து பணிவிடை செய்தனர். இறக்கும் தறுவாயில் அவர், தமக்குத் துணைநின்ற இவர்களின் கடவுளே மெய்யானவர் என்று கூறித் தம் குழந்தைகளை இவர்களிடம் ஒப்படைத்தார் என்றும், அதன் பின்னரே மலையில் சிறு சபை ஒன்று உருவாயிற்று என்றும் வாழ்க்கை வரலாற்று நூல்கள் பதிவுசெய்கின்றன.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் 'முதல் கனி' என்ற தலைப்பில் அடங்கிவிடுகிறது. ஆனால் இதனுள் நிகழாதவை நிகழ்ந்தவற்றைவிட முக்கியமானவை. பூசாரி தாம் முன்னர்ச் செய்த எதிர்ப்புக்காக ஊர் முன் வருத்தம் தெரிவிக்கவில்லை. அத்தகைய அறிக்கையை அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. அவருக்கும் பிராண்ட் இணையருக்கும் இடையில் இருந்த பகைக்கு எந்தப் பஞ்சாயத்தும் கூடவில்லை. மன்னிப்பு என்ற சொல்லே அங்குப் புழங்கியதாகத் தெரியவில்லை. காய்ச்சல் கண்ட உடலுக்குத் தண்ணீர் கொடுப்பதும் துடைப்பதுமே அதன் வடிவம். பொதுவில் அறிக்கை கேட்கும் மரபினர், ஒரு வீட்டின் உட்புறத்தில், நான்கு பேர் அறியாமல் நடந்த ஒரு செயலால் தம் முதல் உறவைப் பெற்றனர் என்பது எண்ணத்தக்கது.

அதே வேளையில் இப்பதிவு ஒருதலைப்பட்சமானது என்பதையும் மறத்தலாகாது. பூசாரி எதிர்த்ததற்கு அவருக்குரிய காரணங்கள் இருந்திருக்கும். தம் மக்களின் வழிபாட்டுக்குக் காவலாக நின்ற ஒருவர், அவ்வழிபாட்டை மாற்ற வந்தவரை வரவேற்றிருக்க இயலாது. மன்னிக்கப்பட வேண்டிய பிழையாக அவ்வெதிர்ப்பைக் காண்பதே மறைப்பணி எழுத்தின் கண்ணோட்டம். மலையாளி மக்களின் வாய்மொழியில் அப்பூசாரி வேறொருவராக இருந்திருக்கக்கூடும்.

கையுறை

பால் பிராண்ட் தம் நூல்களில் நினைவுகூரும் குழந்தைப் பருவ நிகழ்ச்சி ஒன்று இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது. ஒருநாள் மூவர் மலையேறி வாழவந்தி வீட்டின் முன் வந்து நின்றனர். அவர்கள் தொழுநோயாளர். வழக்கமாக நோயாளர் எவர் வந்தாலும் குழந்தைகள் அருகில் நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு. அன்று தாய் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். தந்தை கையுறை அணிந்துகொண்டார். அதற்குமுன் தந்தை அவ்வாறு கையுறையுடன் மருத்துவம் செய்ததைச் சிறுவன் கண்டதில்லை. புண்களைக் கழுவி, மருந்திட்டு, கட்டுப்போட்டு அனுப்பினார். அவர்கள் சென்றபின் அவ்விடம் கிருமிநாசினியால் கழுவப்பட்டது. அவர்கள் இருந்த இடத்தில் விளையாடக் குழந்தைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இதனை எழுதிய மகன் தந்தையைக் குறைகூறவில்லை. மறைக்கவும் இல்லை. ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்து (1873) அரை நூற்றாண்டு ஆகியிருந்தும் பயனுள்ள மருந்து இல்லாத காலம் அது. தொற்று குறித்த அச்சத்திற்கு மருத்துவ நியாயமும் ஓரளவு இருந்தது. எனினும் அச்சிறுவன் கண்டது மருத்துவ நியாயத்தை அன்று, தந்தையின் முகத்தை. நச்சுக்காய்ச்சல் கண்ட எதிரியைத் தொட்டுத் துடைத்தவர், தம்மை நாடிவந்த நோயாளரைக் கையுறையின்றித் தொடவில்லை. பகைவனை மன்னிப்பதைவிட இந்நோயாளரைத் தொடுவது கடினமாக இருந்தது. இவ்வேறுபாட்டை விளக்க நோய்த்தொற்று மட்டும் போதாது. காய்ச்சலும் தொற்றுவதே.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூன் 15-இல், மலைக்காய்ச்சலின் கடும் விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால், தம் 44-ஆம் வயதில் இறந்தார். வாழவந்தியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகன் அப்போது இங்கிலாந்தில் பள்ளியில் இருந்தார்.

பழவினையும் துருப்பிடித்த பூட்டும்

தந்தையைப் போலவே கட்டடத் தொழில் பயின்று, பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று அறுவை மருத்துவரான பால் பிராண்ட், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அழைப்பின்பேரில் 1946 இறுதியில் இந்தியா வந்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றபோது, மடங்கிய விரல்களையுடைய ஒருவரின் கையைப் பிடித்துத் தம் கையை அழுத்தச் சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்த அவருக்கு நகம் பதியும் அளவுக்கு வலி ஏற்பட்டது. செயலிழந்ததாகக் கருதப்பட்ட கையில் வலுவான தசைகள் எஞ்சியிருந்தன. அவற்றின் தசைநாண்களை மாற்றிப் பொருத்தினால் விரல்கள் நிமிரும் என்ற எண்ணம் அங்கிருந்து தோன்றியது.

1947-48 காலத்தில் வேலூரில் தொடங்கிய ஆய்வுக்கு மருத்துவமனைப் படுக்கைகள் எளிதில் கிடைக்கவில்லை. தொழுநோயாளரைச் சேர்த்தால் பிற நோயாளர் ஓடிவிடுவர் என்ற அச்சம் பொது மருத்துவமனைகள் எங்கும் நிலவியது. மதிற்சுவரை ஒட்டிய மண்சுவர்க் கிடங்கு ஒன்றில் பணி தொடங்கிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் 'கை ஆய்வுப் பிரிவு'. அப்பெயரில் நோய் இல்லை. உறுப்பு மட்டுமே உண்டு. திட்டமிட்டு இடப்பட்டதோ தற்செயலோ, பெருநோய், பெருவியாதி, குட்டம் என்று பெயராலேயே ஒதுக்கும் மொழிச்சூழலில் இவ்வாயிலினுள் நுழைவோர் கைவலி உள்ளவராக நுழைய முடிந்தது.

பிராண்ட் குழுவினரின் மிக அடிப்படையான கண்டுபிடிப்பு அறுவை மருத்துவம் சார்ந்ததன்று. தொழுநோய் விரல்களைத் 'தின்கிறது' என்பது நெடுங்கால நம்பிக்கை. மருத்துவரும் அதனையே நம்பினர். அவ்வாறாயின் திருத்திய கையும் மீண்டும் அழுகும், ஆதலின் அறுவை வீண். இக்குழு நோயாளரின் அன்றாட வாழ்க்கையை உற்றுநோக்கத் தொடங்கியது. கிடங்கொன்றின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் பிராண்ட் தடுமாறியபோது, சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. தோலும் சதையும் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கு அது தெரியவேயில்லை. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியவர்கள், செருப்பின் ஆணி குத்திய காலுடன் மைல்கணக்கில் நடந்தவர்கள் எனச் சான்றுகள் பெருகின. சிலருக்கு இரவில் விரலின் பகுதி காணாமற்போவது நெடுநாள் புதிராக இருந்தது. காவலிருந்து பார்த்ததில் எலி கடிப்பது கண்டறியப்பட்டது. வலி இன்மையால் உறங்குபவர் விழிக்கவில்லை. வீடு திரும்பும் நோயாளருடன் பூனையையும் கொடுத்தனுப்பும் வழக்கம் அதன்பின் ஏற்பட்டது.

பூனைச் செய்தி சிரிப்பை வரவழைக்கலாம். ஆயினும் பழவினைக் கோட்பாட்டுக்கு எதிராக அப்பூனையைவிட வலுவான மறுப்பு எழுதப்பட்டதில்லை எனலாம். நோய்க்கிருமி செய்வது குளிர்ச்சியான புறப்பகுதிகளில் ஓடும் நரம்புகளைத் தாக்கி உணர்வை நீக்குவதே. விரல் போவது வினையால் அன்று, நோய்க்கிருமியால் நேரடியாகவும் அன்று. ஆணியால், நெருப்பால், எலியால், கவனித்துச் சொல்ல எவரும் இல்லாமையால் விரல் போகிறது. முற்பிறவியில் தேடப்பட்ட காரணம் முந்தின நாள் சமையலறையில் கிடைத்தது. மன்னிப்பு வேண்டிய குற்றம் நோயாளரிடம் இல்லை என்பது இறையியல் வாதமாக இருந்த நிலை மாறி, அளந்து காட்டத்தக்க உண்மையாயிற்று.

பிச்சைக்கு உதவாத கை

தொடக்க காலத்தில் அறுவை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் நலம்பெற்றுச் சென்றபின் மெலிந்து திரும்பி வந்தார். கல்வி கற்றவர், நோயால் பிச்சைக்குத் தள்ளப்பட்டவர். தமக்குத் தரப்பட்ட கைகள் பிச்சை எடுக்க உதவாத கைகள் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். மடங்கிய கைக்கு இரங்கிக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. தழும்பு கண்டவர்கள் வேலையும் தரவில்லை, தங்க இடமும் தரவில்லை.

இக்குறையின் பின்னணியில் சட்டமும் இருந்தது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிச்சைக்காக வெளிப்படையாகக் கை நீட்டுபவரையும் இரக்கம் தூண்டும் பொருட்டுப் புண்களைக் காட்டுபவரையும் 'ஏழைத் தொழுநோயாளர்' என வரையறுத்து, அவர்களைப் பிடித்து அடைப்பிடங்களில் வைக்க வகைசெய்தது. சமூகம் அவரைத் தொழிலிலிருந்து விலக்கியது. விலக்கப்பட்டவருக்குத் தம் இழிவைக் காட்சிப்பொருளாக்குவது ஒன்றே பிழைப்பாயிற்று. அக்காட்சியைச் சட்டம் பிடித்து அடைக்கும் காரணமாக்கியது. அவமானம் இங்கு உணர்ச்சி மட்டும் அன்று, ஒரு பொருளாதாரமும் கூட. அச்சட்டம் 2016-இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து தொழுநோயை அகற்றிய தனிநபர்ச் சட்டத் திருத்தம் 2019-இல் வந்தது.

திருக்குறள் 'மானம்' என ஓர் அதிகாரமும் 'நாணுடைமை' என ஓர் அதிகாரமும் வைத்துள்ளது. இரண்டும் ஒருவரின் செயலோடு தொடர்புடையவை. தகாத செயலுக்கு நாணுவது பண்பு. தொழுநோயாளரின் நிலை இவ்விரண்டிலும் அடங்காது. அவர் நாணுவதற்குச் செயல் இல்லை. அவர் மேல் ஏற்றப்பட்டது அவமானம். நாணத்திற்கு மருந்து மன்னிப்பு. அவமானத்திற்கு மருந்து வேறு.

வேறு என்ன என்பதற்கான விடையே 1951-இல் வேலூரில் உருவான நவஜீவ நிலையம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அமைந்த சிறு குடில்களில் நோயாளர் தங்கித் தச்சுத்தொழிலும் பொம்மை செய்தலும் கற்றனர். மலைக்குழந்தையாகத் தந்தையிடமும் இளைஞனாக இலண்டனிலும் கற்ற தச்சு பிராண்டுக்கு இங்குப் பயன்பட்டது. உணர்வற்ற கையால் உளியைப் பிடிப்பது எப்படி, கைப்பிடியை எவ்வளவு தடிமனாக்க வேண்டும், ஒவ்வொரு மாலையும் கையைக் கண்ணால் சோதிப்பது எப்படி என்பன அங்குப் பாடமாயின. இங்குச் சொற்பொழிவைவிடக் கைப்பிடியின் தடிமன் மிகுதியாகப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. 1955-இல் தொடங்கிய காரிகிரி ஷீப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம் இப்பணியை விரிவாக்கியது. இப்பணியில் பங்குபெற்ற டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அறுவை மேசையின் இருபுறமும் உடற்குறையுடையோரே இருந்த காட்சி, இரக்கம் என்ற சொல்லின் திசையை மாற்றியிருக்கும்.

தொடுதல் குறித்த ஒரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. இளம் நோயாளர் ஒருவரின் தோளில் கைவைத்துச் சிகிச்சை முறையை பிராண்ட் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் விம்மி அழத் தொடங்கினார். தவறாக ஏதேனும் கூறிவிட்டேனா என்று பிராண்ட் உதவியாளரிடம் கேட்டார். பல ஆண்டுகளாகத் தம்மை எவரும் தொட்டதில்லை, அதனால் அழுகிறார் என்பது விடை. வாழவந்தி வீட்டின் முன் கையுறையோடு நின்ற தந்தைக்கும் இந்த மகனுக்கும் இடையில் முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. டாப்சோன் மருந்தின் வரவு இவ்விடைவெளியை ஓரளவு விளக்கும். முழுவதும் விளக்காது.

புருவமும் கண்ணாடியும்

கை திருந்தியது. தொழில் கிடைத்தது. எனினும் சிலர் ஊர் திரும்ப மறுத்தனர். இடிந்த மூக்கும் புருவமற்ற முகமும் தெருமுனையிலேயே நோயை அறிவித்துவிடும். மருத்துவ அளவில் நோய் தீர்ந்தவர்கள் இவர்கள். புருவத்தால் உடலுக்குக் கிட்டும் பயன் மிகச் சிறிது. அதற்காக அறுவைக்கூடத்தைப் பயன்படுத்துவது ஆடம்பரம் என்று வாதிட இடமுண்டு. பிராண்ட் குழுவினர் அவ்வாறு கருதவில்லை. மூக்கு உட்புறமிருந்து மறுசீரமைக்கப்பட்டது. முடியுள்ள உச்சந்தலைத் தோலின் சிறு பகுதி, அதன் குருதிக்குழாயுடன் நெற்றித் தோலினடியில் கொண்டுவரப்பட்டுப் புருவமாகப் பொருத்தப்பட்டது. தலைமுடி ஆதலால் அது நீண்டு வளரும், கத்தரித்துக்கொள்ள வேண்டும். சிலர் கத்தரிக்க மறுத்துக் கண்மேல் தொங்கும் அளவுக்குப் பெருமையுடன் வளர்த்தனர் என்று பிராண்ட் எழுதுகிறார்.

இதே ஆண்டுகளில் எவ்லின் பிராண்ட் மலையில் இருந்தார். 1940-களின் இறுதியில் மிஷன் அவருக்கு ஓய்வளித்தது. அவர் ஓய்வை ஏற்றுக்கொண்டு மிஷனிலிருந்து விலகித் தம் பொறுப்பிலேயே கொல்லிமலை ஏறினார். பின்னர்ப் பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய மலைகளுக்கும் மட்டக்குதிரையில் சென்று பணியாற்றினார். மலையில் கண்ட தொழுநோயாளரை வேலூருக்கு மகனிடம் அனுப்பிவைத்தார். வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளாக அவர் தம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் குறிப்பிடுகிறார். ஓவியம் பயின்று, அழகை அறிந்த பெண்ணின் துறவு என இது நூல்களில் போற்றப்படுகிறது.

போற்றத்தக்கதே. ஆனால் இதனையும் வேலூர்ப் புருவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணாடியைத் துறக்க, முகம் முதலில் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். தொழுநோயாளரின் முகம் ஊராருக்குச் சொந்தமாகியிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது கண்ணாடியைத் துறக்கும் ஞானமன்று, கண்ணாடி பார்க்கும் உரிமை. தாய் மலையில் துறந்ததை மகன் சமவெளியில் பிறருக்கு மீட்டுக்கொடுத்தார். இரண்டையும் ஒரே விசுவாசத்தின் செயல்களாக அக்குடும்பம் கண்டது.

சாட்சியும் மௌனமும்

இவ்வரலாற்றை அறியத் துணைசெய்யும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மேலைக் கிறித்தவ வாசகருக்காக எழுதப்பட்டவை. டோரதி கிளார்க் வில்சன் எழுதிய பால் பிராண்ட் வாழ்க்கை வரலாறு 1965-இலும், எவ்லின் வரலாறு 1976-இலும் வெளிவந்தன. பிலிப் யான்சியுடன் இணைந்து பிராண்ட் எழுதிய நூல்கள் 1980 முதல் வந்தன. இவற்றில் நோயாளர் பலர் பெயருடனும் ஊருடனும் சாதியுடனும் இடம்பெறுகின்றனர். அவர்களின் கண்ணீர், பிச்சை, குடும்பம் தள்ளிவைத்த செய்தி ஆகியவை சான்றாகின்றன. அறுவைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் ஒளிப்படங்கள் மருத்துவ இதழ்களில் இன்றியமையாதவை. நன்கொடைக்கான துண்டறிக்கைகளில் அவற்றின் வேலை வேறு. பிச்சைக்காகப் புண்ணைக் காட்டுவதைச் சட்டம் தண்டித்தது. நோயாளரின் பொருட்டு நிறுவனங்கள் அதையே செய்தபோது அது தொண்டு எனப்பட்டது.

சாட்சி கூறுதல் புராட்டஸ்டண்டு மரபின் உயிர்நாடி. நலம்பெற்றவர் எழுந்து நின்று, தாம் முன்னர் என்னவாக இருந்தார் என்று கூறவேண்டும். தொழுநோயிலிருந்து மீண்டவருக்கோ, முன்னர் என்னவாக இருந்தோம் என்பது பிறர் அறியாதிருப்பதே மீட்சியின் பாதி. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து செல்லாமல் இருப்பதும், தேநீர்க்கடையில் தனிக்குவளை நீட்டப்படாமல் இருப்பதும் அவர் விரும்பும் அற்புதம். அதற்குச் சாட்சி சொன்னால் அது கலைந்துவிடும். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கியபின், இதனை எவருக்கும் கூறாதே எனக் கண்டிப்புடன் அனுப்புகிறார். இக்கட்டளைக்கு விவிலிய அறிஞர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். நலம்பெற்றவரின் பக்கம் நின்று பார்த்தால் அது எளிதில் விளங்கக்கூடியது.

எவ்லின் பிராண்ட் 1974 டிசம்பர் 18-இல் 95-ஆம் வயதில் காலமானார். அவர் உடல் வாழவந்திக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டது. பால் பிராண்ட் 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, 2003 ஜூலை 8-இல் சியாட்டிலில் இறந்தார். அவர் எழுதியவற்றுள் பிறர் சாட்சி அல்லாத, தம் சொந்த அவமானத்தைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்கப் பயணம் முடித்து இலண்டனில் ஓர் இரவு தங்கியபோது, காலுறையைக் கழற்றிய அவருக்குத் தம் குதிகாலில் உணர்வில்லை என்று தோன்றியது. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. இந்நோய் எளிதில் தொற்றாது, மருந்து உண்டு, வெட்கப்பட ஏதுமில்லை என்று ஆயிரக்கணக்கானோரிடம் கூறிவந்தவர் அவர். அவ்விரவு முழுவதும் உறங்காமல் அவர் எண்ணியது மருந்தைப் பற்றி அன்று. மனைவி மக்களிடமிருந்து விலகி வாழ வேண்டியதைப் பற்றியும், உடன் பணியாற்றுவோர் இதனை அறியும்போது என்ன ஆகும் என்பது பற்றியும் எண்ணினார். விடிந்ததும் மீண்டும் ஊசியை எடுத்து அதே இடத்தில் ஆழமாகக் குத்தினார். வலித்தது. நீண்ட தொடர்வண்டிப் பயணத்தில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே.